ஒரே ஒரு கோலை வைத்து ஒரு ஆட்டக்காரரை எடை போடலாமா?

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. முதல் கால்பகுதியிலேயே இந்தியாவுக்கு ஒரு கோல். அடித்தவர் செல்வம் கார்த்தி, அரியலூர்க்காரர். சீனியர் அணிக்காக ஆடிய முதல் தொடர், முதல் எதிரணி பாகிஸ்தான், முதல் கோல். இதற்கு மேல் என்ன வேண்டும்? கடைசி நேரத்தில் பாகிஸ்தான் திருப்பி அடித்து ஆட்டம் 1-1 என்று முடிந்தது வேறு கதை. ஆனால் மறுநாள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் கார்த்தியின் பெயர்தான்.

அந்த அணியில் இன்னொரு தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தார். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து இந்திய சீனியர் அணிக்குப் போனவர்கள் என்று அப்போது எழுதினார்கள். இரண்டு பேருமே முன்கள ஆட்டக்காரர்கள், அதாவது ஃபார்வர்டுகள்.

இரண்டு வருடம் கழித்து, 2024 அக்டோபரில், ஏழு ஆண்டுகளாக நின்று போயிருந்த ஹாக்கி இந்தியா லீக்கை மறுபடி தொடங்குவதற்காக டெல்லியில் ஏலம் நடந்தது. புதிதாக உருவான தமிழ்நாடு டிராகன்ஸ் அணி கார்த்தியை எடுத்தது. நம்ம ஊர் அணியில் நம்ம ஊர்ப் பையன்! சந்தோஷம்தான். அதோடு ஒரு கேள்வியும் வருகிறது. ஒரு இளம் ஃபார்வர்டை அணியில் எடுக்கும்போது எதைப் பார்த்து எடுக்கிறார்கள்? அவர் தேறுவாரா மாட்டாரா என்று எப்படிச் சொல்வது? இதற்குப் பதில் தேட ஹாக்கி வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வானூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் மட்டைதான். ஹாக்கி ஸ்டிக்கைத் தொட்டுப் பார்க்காதவர்களே அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயற்சி செய்கிறேன்.

புல்லில் ஆடிய காலம்

சென்னைக்கும் ஹாக்கிக்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பழையது. இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை என்று நடக்கிற போட்டியின் வேர் 1901-இல் இருக்கிறது. ரயில்வே, ராணுவம், வங்கிகள் என்று பல அணிகள் வந்து ஆடுகிற போட்டி அது. லீக்கும் ஏலமும் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு இளம் ஆட்டக்காரரைத் தேர்வாளர்கள் பார்ப்பதற்கு இந்த மாதிரிப் போட்டிகள்தான் வழி. நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் தொடர்ந்து ஆடலாம். ஆட்டமும் சோறும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன.

அந்தக் காலத்து ஃபார்வர்டை எடை போடுவது ஒரு விதத்தில் சுலபம். பந்து ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டு பேரை ஏமாற்றித் தாண்டுகிறாரா? விங்கில் ஓடினால் யாராவது பிடிக்க முடிகிறதா? இவ்வளவுதான். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த வழியில் வந்தவர் வி.ஜே.பிலிப்ஸ். தமிழ்நாட்டைச் சேர்ந்த வலது விங்கர். 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்தி இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். ஆண்கள் ஹாக்கியில் இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை அதுதான்.

தரை மாறியது, கணக்கும் மாறியது

அடுத்த வருடமே எல்லாம் தலைகீழ். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி. அதே பிலிப்ஸும் போனார், நம்ம சென்னை வாசுதேவன் பாஸ்கரனும் போனார். முந்தின வருடம் உலகக் கோப்பை வாங்கிய அணிக்குக் கிடைத்தது 7-வது இடம்!

ஒரே வருடத்தில் பதினாறு பேரும் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா என்ன? இல்லை. புல்தரையில் பந்து மெதுவாக வரும், குதிக்கும், அதை அடக்கவே தனித் திறமை வேண்டும். அந்தத் திறமையில் நம்மவர்கள் ராஜா. செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும். அடக்குவது சுலபம். அதனால் வேகம், உடல் பலம், நீளமான பாஸ் இதற்கெல்லாம் மதிப்பு கூடிவிட்டது. பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் அந்தத் தரையைப் போட்டுப் பழகின. இங்கே பிள்ளைகள் மண்ணில் ஆடிவிட்டு, பெரிய போட்டி வரும்போது மட்டும் டர்ஃபைப் பார்த்தார்கள்.

1980 மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில், இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று தோற்கடித்து இந்தியா தங்கம் வாங்கியது. பெருமைதான். ஆனால் பல முன்னணி நாடுகள் புறக்கணித்ததால் ஆறு அணிகள் மட்டுமே ஆடிய போட்டி அது. அதற்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கத்துக்கு 2021 வரை, டோக்கியோ வெண்கலம் வரை, 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தரையோடு நிற்கவில்லை, விதிகளும் மாறின.

1. 1990-களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று வந்தது. அதனால் ஃபார்வர்ட் 70 நிமிடமும் சக்தியைச் சேமித்து ஆட வேண்டியதில்லை. உள்ளே வந்து சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே போகலாம்.

2. 1996-இல் ஆஃப்சைடு விதியை எடுத்தார்கள். ஃபார்வர்ட் எதிரணியின் கோல் பக்கத்திலேயே போய் நிற்கலாம். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்பது பெரிய விஷயமாகிவிட்டது.

3. 2009-இல் ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் தனக்குத்தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். ஆட்டத்தில் மூச்சு விடும் நேரம் குறைந்தது.

4. 2014-இல் 35 நிமிடப் பாதிகள் போய், 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். 1970-இல் அருமையான ஃபார்வர்ட் என்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒரே ஆள் இல்லை. இன்றைய ஃபார்வர்டுதான் தன் அணியின் முதல் தடுப்பாட்டக்காரர். எதிரணிப் பின்களக்காரரிடம் பந்து இருக்கும்போது அவரை நெருக்கி, தப்பான பாஸ் கொடுக்க வைக்க வேண்டும். வட்டத்துக்குள் நுழைந்து கோல் அடிக்க முடியாவிட்டாலும் எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்து ஒரு பெனால்டி கார்னராவது வாங்கித் தர வேண்டும். கோலை அடிப்பவர் டிராக் ஃப்ளிக்கர், பெயரும் அவருக்குத்தான். வாங்கிக் கொடுத்தவரை ஸ்கோர் அட்டை மறந்துவிடும்.

தன்ராஜ் சொல்லும் பாடம்

தன்ராஜ் பிள்ளையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்தது 1968-இல் புனே பக்கத்துக் கட்கியில். அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிப்பவர். உடைந்த ஸ்டிக்கைக் கட்டிச் சரிசெய்து ஆடிப் பழகினவர் தன்ராஜ். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆடிக்கொண்டிருந்ததால் இவரும் அங்கே போனார். 1989-இல் இந்திய அணிக்கு வந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. முந்நூறுக்கும் மேல் சர்வதேச ஆட்டங்கள்.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு, அதாவது 32 ஆண்டுக்குப் பிறகு வந்த தங்கம். ஊருக்குத் திரும்பினால் மாலை மரியாதை நடக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது என்ன தெரியுமா? அடுத்த தொடருக்கான அணியிலிருந்து தன்ராஜையும் இன்னும் சில முக்கிய ஆட்டக்காரர்களையும் தூக்கிவிட்டார்கள். ஓய்வு கொடுக்கிறோம் என்று சங்கம் காரணம் சொன்னது. ஆட்டச் சம்பளத்தைப் பற்றிப் பேசியதுதான் உண்மைக் காரணம் என்று ஊரே பேசியது. அதற்குப் பிறகும் அவர் திரும்பி வந்து 2003-இல் ஆசியக் கோப்பையை வென்று கொடுத்தார்.

அணியில் பெயர் இல்லை என்றால் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. சங்க அரசியல், காயம், அந்த நேரத்தில் கோச்சுக்கு வேண்டிய ஆட்டமுறை, எவ்வளவோ இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். மும்பையில் ஒரு அண்ணன் இல்லாமல் இருந்திருந்தால்? கட்கியிலேயே ஒரு தொழிற்சாலை ஊழியராக முடிந்திருக்கலாம். திறமையைப் பார்ப்பதற்கு ஒரு ஆள், ஒரு இடம் வேண்டும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 36 வயது தன்ராஜோடு ஒரே அணியில் 20 வயது ஆடம் சின்கிளேர் இருந்தார். கோயம்புத்தூரில் பிறந்த ஃபார்வர்ட். பெரியவர் போகிற நேரம், சின்னவர் வருகிற நேரம். அங்கிருந்து தமிழ்நாட்டு ஃபார்வர்டுகள் வரிசையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வந்து வந்து போன லீக்குகள்

ஏன் வரவில்லை? ஒரு காரணமாக எனக்குத் தெரிவது, இளம் ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து காட்டுகிற மேடை இல்லாததுதான்.

2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கும் ஒரு அணி. 2008-உடன் நின்றது. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தது. சென்னை சீட்டாஸ் என்று ஒரு அணி. ஒரே ஒரு வருடம், அவ்வளவுதான். 2013-இல் ஹாக்கி இந்தியா லீக். இந்த முறை தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. அதுவும் 2017-உடன் நின்றுபோனது.

அந்த 2013 லீக்கில்தான் நம் கேள்விக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. ராஞ்சி ரைனோஸ் அணி மந்தீப் சிங் என்ற ஜலந்தர்ப் பையனை எடுத்திருந்தது. ஏலம் நடந்த 2012 டிசம்பரில் அவருக்கு வயது 17. லீக் நடக்கும்போதுதான் 18 ஆனது. உலகத்தின் பெரிய தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக 10 கோல் அடித்தார், ராஞ்சி கோப்பையை வென்றது. உடனே இந்திய அணி, 2014 உலகக் கோப்பை. அடுத்த தன்ராஜ் என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம்? 2016 ரியோ ஒலிம்பிக் அணியில் மந்தீப் பெயர் இல்லை. 21 வயதில் ஆட்டம் முடிந்துவிட்டதா என்று தோன்றும். ஆனால் அதே வருடக் கடைசியில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். பிறகு சீனியர் அணிக்குத் திரும்பி, டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். 18 வயதில் சொன்னதும் தப்பு, 21 வயதில் சொன்னதும் தப்பு! முதல் பதக்கம் வந்தபோது அவருக்கு வயது 26.

இது ஹாக்கிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கில் வருடா வருடம் இளைஞர்களை வரிசை போட்டு எடுப்பார்கள். அதற்கென்றே ஊர் ஊராகச் சுற்றுகிற ஆட்கள் உண்டு. 1993-இல் முதல் ஆளாக ஒட்டாவா அணி எடுத்தது அலெக்சாந்தர் டேக் என்ற ஃபார்வர்டை. எதிர்பார்த்ததில் பாதி கூட அவர் ஆடவில்லை. 1998-இல் 171-வது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது பாவெல் தத்சூக் என்ற ரஷ்யரை. அவர் இரண்டு முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் தூணாக இருந்தார். தடுப்பதிலும் தாக்குவதிலும் சமமான திறமை அவருக்கு. இவ்வளவு காசும் ஆளும் இருக்கிறவர்களே இப்படி என்றால் நாம் அவசரப்படலாமா?

இப்போது கார்த்திக்கு வருவோம்

அரியலூரில் பிறந்து, கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு மையத்தில் பயிற்சி எடுத்தவர். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பேர்போன ஊர். அங்கே அப்பா ஆடினார், மாமா ஆடினார், அதனால் பையனும் ஆடுகிறான் என்கிற பழக்கம் உண்டு. கட்கியில் தன்ராஜுக்கு ஒரு அண்ணன் செய்ததை இங்கே ஒரு ஊரே செய்கிறது.

அவருடைய கணக்கைப் பார்ப்போம். 2022 ஆசியக் கோப்பைக்கு இந்தியா அனுப்பியது பெரும்பாலும் இளைஞர் அணி, முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லை. வெண்கலம் வாங்கினார்கள். அதனால் அந்த ஒரு தொடரை வைத்து மட்டும் முடிவு சொல்வது சரியாகாது.

ஆனால் 2023 மார்ச்சில் ரூர்கேலாவில் புரோ லீக். ஆஸ்திரேலியாவை இந்தியா 5-4 என்று வென்ற ஆட்டத்தில் கார்த்தி ஒரு கோல். உலகக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த ஜெர்மனியை 6-3 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல். அதே ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. மலேசியாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. சொந்த மாநில மக்கள் முன்னால்! இந்தியா கோப்பையை வென்றது.

இதில் முக்கியமானது எதிரணிகளின் பெயர்கள். எளிய அணிகளிடம் அடித்துக் குவித்த கோல்கள் இல்லை இவை.

அப்படியும் 2023 ஆங்சோ ஆசிய விளையாட்டு அணியில் அவர் இல்லை. 2024 பாரிஸிலும் இல்லை. ஒலிம்பிக் அணியில் மொத்தம் 16 பேர்தான். பாரிஸுக்குப் போன ஃபார்வர்டுகள் ஐந்து பேர்: மந்தீப், லலித் உபாத்யாய், குர்ஜந்த், சுக்ஜீத், அபிஷேக். இதில் முதல் மூன்று பேரும் டோக்கியோவில் பதக்கம் வாங்கினவர்கள். பெரிய போட்டி என்றால் கோச் பழகின ஆளைத்தான் நம்புவார். மீதி இரண்டு இடத்துக்குத்தான் இளைஞர்களுக்குள் போட்டி. 2025 நவம்பரில் அஸ்லான் ஷா கோப்பைக்குப் போன அணியில் கார்த்தியின் பெயர் மறுபடி வந்தது. ஆக, கதவு மூடவில்லை.

என்னைக் கேட்டால் ஒரு இளம் ஃபார்வர்டை இந்த நான்கையும் வைத்துத்தான் எடை போடுவேன்:

- யாருக்கு எதிராகக் கோல் அடித்தார்? எண்ணிக்கை அப்புறம்.
- எத்தனை பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுத்தார்?
- பந்து போன பிறகு திரும்பி ஓடி வருகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா?
- இரண்டு வருடம் முன்பு இருந்ததைவிட இப்போது ஏதாவது ஒன்றில் தேறியிருக்கிறாரா?

முதல் கேள்விக்கு கார்த்தி நல்ல மதிப்பெண் வாங்குகிறார். மற்ற மூன்றுக்கும் பதில் ஸ்கோர் அட்டையில் கிடைக்காது, ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் லீக் தேவை. 17 வயதில் மந்தீப்புக்கு ஒரு லீக் இருந்தது. கார்த்தியின் 16-லிருந்து 23 வயது வரையான காலம், சரியாக லீக் இல்லாத காலம். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு பேரையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

புதிய லீக்கின் 2024 ஏலத்தில் ஒவ்வொரு அணியும் 24 பேரை எடுக்க வேண்டும், அதில் நான்கு பேராவது ஜூனியராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் அணியில் பெயர் இருப்பது வேறு, மைதானத்தில் நிமிடங்கள் கிடைப்பது வேறு. வெளிநாட்டு ஃபார்வர்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு நம்ம பையனைப் பெஞ்சில் உட்கார வைத்தால் ஏழு வருடம் லீக் இல்லாமல் இருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் பக்கம் மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சின மறுநாளே யாரும் உப்பு வார மாட்டார்கள். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி, வெயிலில் காயவிட்டு, தண்ணீரின் அடர்த்தி ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கடைசிப் பாத்திக்கு விடுவார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து. 2008, 2012, 2017 என்று நம் ஹாக்கிக்கு மூன்று முறை மழை பெய்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கரைந்து போனது அந்த வயதில் இருந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகள்.

ஆகவே டிராகன்ஸ் எடுத்த ஆள் தேறுவாரா என்று கேட்டால் என் பதில்: ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எதிராகக் கோல் அடிக்கத் தெரிந்தவர், வயது இருக்கிறது, ஆடுவதற்கு நிமிடங்கள் கொடுங்கள். மந்தீப்புக்கு 26 வயது வரை காத்திருந்தோம். அதே பொறுமையைக் கார்த்திக்கும் மாரீஸ்வரனுக்கும், இன்று கோவில்பட்டியில் காலை ஐந்தரை மணிக்கு ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பையனுக்கும் கொடுக்க வேண்டும். லீக் இந்த முறையாவது நிற்காமல் நடக்க வேண்டும். அடுத்த தடவை டிராகன்ஸ் ஆட்டம் வந்தால் கோலை மட்டும் பார்க்காதீர்கள். பந்து பறிபோன பிறகு யார் திரும்பி ஓடி வருகிறார் என்று பாருங்கள்.